திரும்பும் திகதி

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருடங்கள் கழிந்திருந்த வேளை. 1947 ஆம் ஆண்டு பத்து நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்கள் அமெரிக்காவுக்குச் சென்றார்கள். எல்லோரும் பாடசாலை வயதுப் பிள்ளைகள். அவர்களை அழைத்தது ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு. 1915 இல் பிரான்ஸின் போர்க்களங்களில் காயப்பட்டவர்களை ஏற்றி இறக்கிய அமெரிக்க ஆம்புலன்ஸ் சாரதிகள் உருவாக்கிய தொண்டர் படை அது. இரண்டு போர்களிலும் பிணங்களையும் பாதி உயிர்களையும் சுமந்த அந்தச் சாரதிகளும் அவர்களுடைய தலைவர் ஸ்டீஃபன் கலாட்டியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டின் சாதாரணக் குடும்பமொன்றில் ஒரு வருடம் உண்டு, உறங்கி, பாடசாலைக்குப் போய் வந்தால், பின்னாளில் அந்த நாட்டின் மீது துப்பாக்கி தூக்க அதற்கு மனம் வராது என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை முழுதாகப் பலித்ததென்று சொல்லமுடியாது. ஆனால் திட்டம் பலித்தது. 'பரிமாற்ற மாணவர்' என்ற சொல் உலகெங்கும் பழக்கத்துக்கு வந்தது.

ரொறன்ரோவில் வாழும் என் உறவினர் ஒருவரின் மகள் பதினாறு வயதில் இப்படி ஒரு வருடம் ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் இருந்தாள். தீபாவளி அங்கே யாருக்கும் தெரியாமல் வந்து போயிற்று. டிசெம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த வீட்டார் பண்டிகைக்காக மரம் வைத்து, விளக்கேற்றி, அவளுக்கும் ஒரு பரிசுப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். அன்பான மனிதர்கள்தான். அவளுக்கோ அழுகை அழுகையாக வந்ததாம். தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்: "மாமா, போற திகதியக் கலண்டர்ல சிவப்பு வட்டம் போட்டு வச்சிருக்கேன். அதப் பார்த்தா கொஞ்சம் சரியாயிரும்."

பரிமாற்ற மாணவர் வாழ்க்கையின் இலக்கணம் முழுவதும் அந்தச் சிவப்பு வட்டத்தில் அடங்கியிருக்கிறது. போவதற்கு ஒரு கடவுச்சீட்டு, ஏற்றுக்கொள்ள ஒரு வீடு, திரும்புவதற்கு ஒரு திகதி. இந்த மூன்றும் இருந்தால் ஏக்கமும் ஒரு பாடமாகிவிடும். ஒன்று குறைந்தாலும் அதற்கு வேறு பெயர்தான்.

நான் நோர்வூட்டில் பிறந்து வளர்ந்தவன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை எங்கள் ஊரில்தான் பிரிகிறது. ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் போகும். சுற்றிலும் தேயிலை. பாதையோரமாகக் கெசல்கமு ஓயா ஓடிப்போய்க் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழும். எங்கள் ஊரிலிருந்தும் பதின்வயதுப் பிள்ளைகள் கடல் கடந்து போய் அயல்நாட்டுப் பாடசாலைகளில் படித்தார்கள். ஒருவர் இருவரல்லர். மலையகம் முழுவதையும் சேர்த்தால் எந்த மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கும் எட்டாத பெருந்தொகை. அவர்களுடைய கலண்டரில் சிவப்பு வட்டம் மட்டும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் அந்த 52 பேர் இறங்கிய அதே 1947 இல்தான் இலங்கை தன் முதலாவது பாராளுமன்றத் தேர்தலைக் கண்டது. மலையகத்தில் பல தொகுதிகளை இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் வழங்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உருவானதும் அதே ஆண்டில்தான். ஆக, எங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள், உலகம் பார்ப்பார்கள் என்று எண்ண அந்த ஆண்டு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே கதவு மூடிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவெம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமற்போனார்கள். 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென ஒரு சட்டம் வந்தது. எட்டு இலட்சம் பேர்வரை விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதே ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று.

வாக்குரிமை போன கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. உலகெங்கும் மாணவர்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்வரத் தொடங்கிய அந்தத் தசாப்தங்களில், எங்கள் லயத்துப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தலைமன்னார்த் துறையைத் தாண்டப் பத்திரம் இல்லாதவன். அத்துடன் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகவேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை இதுதான் நிலைமை.

அதற்கு முன்பும் இந்த மலைகளிலிருந்து பிள்ளைகள் அயல்நாட்டுப் பாடசாலைக்குப் போனதுண்டு. போனவர்கள் துரைமாரின் பிள்ளைகள். ஏழெட்டு வயதானதும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். பண்டிகை விடுமுறைகளை அங்கே ஏதாவது ஒரு அத்தை வீட்டில் கழித்துவிட்டு, சிலர் பெற்றோரை வருடக்கணக்காகப் பார்க்காமலே வளர்ந்தார்கள். வசதியிலும் ஒரு துயரம் இருக்கத்தான் செய்தது. அதற்கு நேர்மாறாக, பிள்ளைகளைப் பிரிந்திருக்க முடியாமல் முதுமையில் இலங்கைக்கே வந்து சேர்ந்த ஒரு தாயும் இப்பகுதியில் இருந்தார்: புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன். 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்த அவர் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார். நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவரலாம்.

தமிழர் பக்கத்தில், வசதியுள்ள கங்காணிமாரின் குடும்பங்களில் பிள்ளைகள் இரு கரைக்கும் போய்வந்து படித்தார்கள். தொண்டமானே அதற்குச் சிறந்த உதாரணம். 1913 இல் இராமநாதபுரம் சீமையின் முனப்புதூரில் பிறந்தவர். தகப்பனார் கருப்பையா தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். மகன் 1924 இல் தகப்பனிடம் வந்துசேர்ந்து கம்பளை சென் அன்றூஸ் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். புதிய நாடு, புதிய குளிர், வீட்டில் பேசாத ஆங்கிலம். இன்றைய பரிமாற்ற மாணவர் படும் பாடு எல்லாவற்றையும் அந்தப் பதினொரு வயதுப் பையனும் பட்டிருப்பான். ஆனால் 1914 இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் அப்போது இரு நாடுகளையும் ஒரே முற்றம்போல இணைத்திருந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போகலாம், பொங்கல் முடிந்து திரும்பலாம். திரும்பும் திகதி அவரவர் கையில் இருந்தது.

அந்தத் திகதியை அரசாங்கங்கள் தம் கையில் எடுத்துக்கொண்டது 1964 ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில். அந்த வருடத் தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தன. ஒக்டோபர் 30 ஆம் திகதி புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். அந்தப் 'பின்னர்' 1974 இல் வந்தது. ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகள்கூட வீட்டு மாம்பழத்தை இதைவிட யோசித்துப் பங்குபோடுவார்கள்.

பேராதனையில் கலைப்பட்டத்துக்குப் படித்த நாள்களில்தான் அந்த உடன்பாட்டின் வாசகத்தை முதன்முதலாக முழுமையாகப் படித்தேன். சட்டப்படி அது இரண்டு பிரதமர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். அதாவது ஒரு 'கடிதப் பரிமாற்றம்'. எங்கள் வரலாற்றில் பரிமாற்றம் என்ற சொல் இப்படித்தான் வந்து சேர்ந்தது. பரிமாறப்பட இருந்தவர்களின் தலைவரான தொண்டமானைக் கலந்து பேசாமலே அது நடந்தது. அதை அவர் கடைசிவரை சொல்லிக்காட்டினார். முப்பத்தைந்து வருடங்கள் கழித்து, 1999 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதிதான் அவர் காலமானார். நடைமுறைக் கணக்கு இன்னும் விசித்திரமானது: நான்கு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றால் ஏழு பேர் கப்பலேறவேண்டும் என்ற விகிதம்.

அந்தப் பண்டிகைக் காலம் அத்தோடு முடியவில்லை. கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்னதாக, டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு, தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிற்று. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். விடுமுறைச் சுற்றுலா போன மாணவர்களும் அதில் இருந்தார்கள். பாம்பன் பாலத்தை 46 நாள்களில் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடித் துறை திரும்ப எழவேயில்லை. மூன்று தலைமுறையாக எங்கள் மக்கள் வந்த வாசல் கடலோடு போயிற்று. அவர்களைத் திருப்பி அனுப்பும் கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்குப் போனது.

அனுப்பும் வேலை உண்மையில் வேகங்கொண்டது 1967 ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்துக்குப் பிறகு. குடும்பத் தலைவர் விண்ணப்பம் போடுவார். பிள்ளைகளின் பெயர் அவருடைய பெயருக்குக் கீழே வரும். இந்தியாவா இலங்கையா என்று பிள்ளையை யாரும் கேட்டதில்லை. அண்ணன் குடும்பம் இங்கே, தம்பி குடும்பம் அங்கே என்று ஒரே லயத்தில் எதிரெதிர்க் காம்பராக்கள் இரண்டு நாடாயின. இந்தியக் கடவுச்சீட்டு வந்து, நாட்டைவிட்டு வெளியேறும்படி அறிவித்தலும் வந்துவிட்டால், பாத்திரபண்டம் விற்று, கோழிகளைக் கொடுத்து, ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியதுதான். ரயிலை எங்கள் பக்கத்தில் 'கோச்சி' என்பார்கள். அந்த வண்டிகளுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஹட்டனிலிருந்து பொல்காவலை, அங்கிருந்து மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். போகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம் அழுவார்கள். வண்டி நகர்ந்தபின் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்ளும் கிழவிகளை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன்.

என் வகுப்பிலிருந்தும் போனார்கள். நான் எட்டாம் வகுப்புப் படித்த 1982 இல் எங்கள் வகுப்பின் முதலாம் பிள்ளை போனான். கணக்கில் புலி. எனக்கும் அவனுக்கும் வருடம் முழுக்க ஓட்டப்பந்தயம். எப்போதும் அவனுக்குப் பின்னால்தான் நான் வருவேன். ஒக்டோபர் கடைசியில், வருடக் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவன் குடும்பத்துக்குக் கப்பல் நாள் வந்துவிட்டது. தீபாவளிக்கும் இரண்டு வாரம்தான் இருந்தது. பண்டிகை முடிந்து போகலாமே என்று எங்கள் லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் தீபாவளி என்றால் முற்பணம் கொடுப்பார்கள். அதில்தான் புதுத்துணியும் பலகாரமும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். போகிறவர்களுக்கு முற்பணம் கிடையாது. கழிப்பதற்குப் பின்னால் சம்பளம் இல்லையே. ஆகவே புதுத்துணி இல்லாமலே போனார்கள். விடுமுறை முடிந்து நாங்கள் பாடசாலை சென்ற அன்று ஆசிரியர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டார். அவன் பெயருக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு பேனாவை எடுத்துக் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்த வருடம் அது அவருடைய எத்தனையாவது கோடோ!

இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் போய்ச்சேரும் இடம் மண்டபம் முகாம். இதிலுள்ள கொடுமை கலந்த வேடிக்கையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்த காலத்தில், அவர்களைத் தடுத்துவைத்து, அம்மை கொலரா பார்த்து, அனுப்புவதற்காக இலங்கை அரசு நடத்திய முகாம் அதுவே. தாத்தாவும் பாட்டியும் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள்; பேரன் அதே வாசல் வழியாக உள்ளே வந்தான். என் நண்பனின் முதலாவது இந்தியத் தீபாவளி அங்கே கழிந்தது. அது பற்றி அவன் எனக்கு ஏரோகிராமில் எழுதினான். நீல நிறத் தாளின் மூன்று பக்கமும் பொடி எழுத்து. முகாமுக்கு வெளியே பட்டாசு வெடித்ததாகவும், உள்ளே குடும்ப அட்டை வாங்க வரிசையில் நின்றதாகவும், மழையே இல்லாத குளிரே இல்லாத தீபாவளியை முதன்முதலாகப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தான். தேங்காய் எண்ணெய் உறையாத ஊர் என்று அடிக்கோடிட்டிருந்தான். அது அவனுக்குப் பெரிய ஆச்சரியம்.

பிறகு அவன் தகப்பனாருக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்கென்று 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அங்கே இருந்தது. எழுபதுகளின் நடுவில் அது 'டான்டீ' என்ற தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் எங்கள் மக்கள். இன்னும் சிலரைக் கூட்டுறவு நூற்பாலைகளுக்கும், கன்னியாகுமரி, கேரளம், கர்நாடகம் ஆகிய இடங்களின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். வியாபாரக் கடன் என்று ஒரு தொகையைக் கொடுத்து மதுரை, திருச்சிப் பக்கம் விடப்பட்டவர்களின் கதைதான் மிக மோசம். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்த மனிதனைப் பெட்டிக்கடை வை என்றால் எப்படி வைப்பான்? பணம் கரைந்தது. பலர் வேலை தேடிக் கொடைக்கானல் மலைக்குப் போய்க் கொத்தடிமைகளாக மரம் வெட்டினார்கள். எண்பதுகளில்தான் அவர்களில் பலர் மீட்கப்பட்டார்கள். நீலகிரிக்குப் போனவர்கள் அந்த வகையில் அதிர்ஷ்டசாலிகள். மலையும் குளிரும் தேயிலையும் இருந்தன. துரை மட்டும்தான் தமிழ் பேசினார்.

1994 இல் பத்திரிகை வேலையாகத் தமிழகம் போனபோது கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்துக் கூடலூர் வழியாகப் பந்தலூருக்குச் சென்றேன். நண்பன் அப்போது டான்டீயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். வரிசைக் குடியிருப்பு, எங்கள் லயத்தைவிடச் சற்று நன்று. இரவெல்லாம் பேசினோம். இந்தியப் பாடசாலையில் அவனுக்கு நடந்ததைக் கேட்டபோதுதான், இந்த விஷயத்தின் உள்ளே இருக்கும் முள் எனக்குத் தெரிந்தது. இலங்கையில் பாடசாலை வருடம் ஜனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடியும். தமிழகத்தில் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். எட்டாம் வகுப்பின் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னதாக இங்கிருந்து போனவன், அங்கே காலாண்டுப் பரீட்சை முடிந்த வகுப்புக்குள் நடுவில் நுழைந்தான். எட்டாம் வகுப்பை முடித்ததற்குச் சான்றிதழ் இல்லை. ஆகவே ஏழில் உட்கார வைத்தார்கள். அவன் சொன்னான்: "எட்டாவது கணக்கெல்லாம் போட்டு முடிச்சவன்டா நானு. ஏழாவதுல பின் பெஞ்சு. சிலோன் பையன்னுதான் கூப்புடுவாங்க; ரெண்டு வருசத்துக்கு எம் பேரே யாருக்கும் தெரியாது."

வாய் திறந்தாலும் சிரிப்பார்களாம். பாண் என்றான், ரொட்டி என்று திருத்தினார்கள். தேத்தண்ணி என்றான், டீ என்றார்கள். கோச்சி என்றதற்கு வகுப்பே சிரித்ததாம். அது கேரளத்து ஊர் அல்லவா! இங்கே எங்களை 'கள்ளத்தோணி' என்று ஏசியவர்களுக்கு நாங்கள் இந்தியாக்காரர். அங்கே போனவர்கள் சிலோன்காரர். சாதிச் சான்றிதழ் கேட்டபோது இன்னொரு சிக்கல். சலுகை பெறுவதற்கு எந்தச் சாதி என்று பூர்வீகக் கிராமத்திலிருந்து அத்தாட்சி வேண்டும். தாத்தா நடந்துவந்த கிராமத்தின் பெயர் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நீலகிரியில் இந்தச் சான்றிதழ்ப் பிரச்சினை பல வருடங்கள் தீராமல் இழுபட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அவன் கொழுந்து நிறுக்கப் போனான்.

பண்டிகை நாள்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ரேடியோ கேட்போம் என்றான். இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை எண்பதுகளின் தொடக்கம்வரை தமிழகத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. மற்றவர்களுக்கு அது சினிமாப் பாட்டு. இவர்களுக்கு அது ஊர்ப்பேச்சு. பி.எச். அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் அம்மா அடுப்படியை விட்டு எழுந்து வந்துவிடுவாராம். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் தோட்டத்தின் பெயர் வரும், டிவிஷன் பெயர் வரும். தெரிந்த பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை நோர்வூட் என்ற சொல் காதில் விழுந்தது. ஆள் யாரென்றே தெரியாது, ஆனாலும் அன்று முழுவதும் வீட்டில் அதே பேச்சு என்றான்.

1983 ஜூலைக்குப் பிறகு அவன் எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. மலைநாட்டு நகரங்களிலும் கடைகள் எரிந்த செய்தியைக் கேட்டுவிட்டு எழுதியது. 'நீங்களும் வந்துவிடுங்கள், இங்கே யாரும் அடிப்பதில்லை, சிரிப்பார்கள் அவ்வளவுதான்' என்று பதினான்கு வயதுப் பையன் எழுதியிருந்தான். அடுத்த வருடம் இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பல் நின்றது. போரின் காரணமாகப் பாதை மூடப்பட்டது. அதுவரை போனவர்கள், பிள்ளைகளும் சேர்த்து, நாலரை இலட்சத்துக்கு மேல். பெயர் பதிந்திருந்தும் போகமுடியாமல் இங்கே நின்றுபோனவர்களுக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒருவாறு பிரஜாவுரிமை கொடுத்தன. கப்பல் நின்றதால் நாடு கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். முந்திப் போனவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

அன்றிரவு தூங்கப் போகுமுன் நண்பன் கேட்டான்:

"நான் போன பொறகு வருசக் கடைசிப் பரீட்சையில யாருடா மொதலாம் புள்ள?"

"நான்தான்."

"எத்தனை மார்க்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மனத்துக்குள் கணக்குப் பார்க்கிறான் என்று தெரிந்தது. "நான் இருந்திருந்தா நீ ரெண்டுதான்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி எங்கள் ஊருக்கே வந்து, நோர்வூட் மைதானத்தில் பெருங்கூட்டத்தில் பேசினார். மைதானம் தொண்டமானின் பெயரில் இருக்கிறது. வந்தவர் மேலும் பத்தாயிரம் வீடுகள் தருவதாக அறிவித்தார். 1947 இன் கல்வி நிதியம் இன்றும் இயங்குகிறது. இந்திய உதவிப்பணத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மலையகப் பிள்ளைகள் போகிறார்கள். கையில் இலங்கைக் கடவுச்சீட்டு. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை அப்படிப் போய்ப் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்து, பலகாரம் கட்டிக்கொண்டு திரும்பினாள். கலண்டரில் வட்டம் போட்டிருந்தாளா என்று கேட்டேன். அதெல்லாம் போனிலேயே இருக்கிறது என்று சிரித்தாள்.

பந்தலூர்ப் பக்கம் நிலைமை வேறு. டான்டீ பல வருடங்களாக நட்டத்தில் ஓடுகிறது. 2022 இல் அதன் தோட்டங்களில் இரண்டாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடமே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். வரிசைக் குடியிருப்பு கழகத்துக்குச் சொந்தம். ஓய்வுபெறும் தொழிலாளி அதை விட்டுக்கொடுக்கவேண்டும். சொந்த நிலமோ வேறு வீடோ பலருக்கு இல்லை. என் நண்பனுக்கு வயது என் வயதுதான். இந்த முறை தீபாவளிக்கு நான் வாழ்த்துச் சொல்ல எடுத்தபோது, பேச்சில் பாதி கோயம்புத்தூரில் வாடகை எவ்வளவு என்பதைப் பற்றியே இருந்தது. எந்தத் திகதிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று கேட்டேன். இன்னும் கடிதம் வரவில்லை என்றான்.